கிட்டார் பிரெட்போர்டில் ஸ எங்கே இருக்கிறது? டயடோனிக் ஸ்கேல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மந்தைவெளியில் என் வீட்டு மாடியறையில் மாலை வேளைகளில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பிடித்து நாலைந்து பாட்டுகள் வாசிக்கத் தெரிந்தபின், ‘இனி ஸ்கேல் கற்க வேண்டும்’ என்று வருபவர்கள் மாற்றி மாற்றிக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். மிகத் தடித்த தந்தியை 6-ஆம் தந்தி என்றும் மிக மெல்லிய தந்தியை 1-ஆம் தந்தி என்றும் குறிப்பிடுகிறேன். தடித்ததிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ என்ற வழக்கமான சுருதியில் தந்திகள் கூட்டப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

டயடோனிக் ஸ்கேல் என்றால் என்ன?

ஒரு ஸ-விலிருந்து அதன் மேல் ஸ-வுக்குப் போக ஒரே தந்தியில் 12 பிரெட்கள், அதாவது கிட்டாரின் நெக்கில் (கழுத்தில்) குறுக்குக் கம்பிகளால் பிரிக்கப்பட்ட 12 கட்டங்கள், ஏற வேண்டும். அந்தப் பன்னிரண்டு இடங்களில் ஏழு இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஐந்து இடங்களில் 2 பிரெட் இடைவெளியும் இரண்டு இடங்களில் 1 பிரெட் இடைவெளியும் விட்டு, அந்த இரண்டு குறுகிய இடைவெளிகளும் அருகருகே வராமல் இயன்றவரை விலகி நிற்கும்படி அமைத்தால் கிடைப்பது டயடோனிக் ஸ்கேல். இந்த வகையில் எல்லோரும் முதலில் கற்பது மேஜர் ஸ்கேல். அதன் இடைவெளிகள் வரிசையாக 2, 2, 1, 2, 2, 2, 1. ஹார்மோனியத்தில் ஒன்றாம் கட்டையான சி-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் அழுத்திக்கொண்டு போனால் கேட்பது இதுவேதான்.

மேஜர் ஸ்கேலும் சங்கராபரணமும் ஒன்றா?

ஸ்வரத்தானங்களை மட்டும் பார்த்தால் ஒன்றே. 29-ஆம் மேளகர்த்தாவான (தாய் ராகமான) தீர சங்கராபரணத்தின் சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம் ஆகியவை மேஜர் ஸ்கேலின் ஸ்வரங்களோடு ஒவ்வொன்றாகப் பொருந்துகின்றன. ஆனால் ராகம் என்பது கமகமும் (ஸ்வரத்தை அசைத்து வளைப்பது) பிடிகளும் (ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரக் கோவைகள்) நிறுத்தும் இடங்களும் சேர்ந்தது. பிரெட்டுக்குப் பிரெட் நேராக வாசித்தால் கிடைப்பது ராகத்தின் எலும்புக்கூடு மட்டுமே. சங்கீத சபைப் பக்கம் போய், ‘நான் சங்கராபரணம் வாசிப்பேன்’ என்று சொல்லிவிட வேண்டாம்.

சிறு வயதில் பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஸரளி வரிசையை நாம் கற்பது 15-ஆம் மேளமான மாயாமாளவகௌளையில். அதன் ரி-யும் த-வும் சங்கராபரணத்தில் உள்ளவற்றைவிட ஒரு பிரெட் கீழே இருப்பதால், ரி-க்கும் க-வுக்கும் இடையிலும் த-வுக்கும் நி-க்கும் இடையிலும் 3 பிரெட் இடைவெளி விழுகிறது. ஆகவே அது டயடோனிக் வகையில் அடங்காது. ஏழாண்டுகள் பாட்டு கற்ற ஒரு மாணவி முதல் வாரம் முழுவதும் ஜி தந்தியில் ஸ வாசித்துவிட்டு, ரி-க்கு விரலை 2-ஆம் பிரெட்டில் வைக்காமல் 1-ஆம் பிரெட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தவறு விரலில் இல்லை. வாய் ‘ஸ ரி’ என்று முணுமுணுத்தவுடன் காது தனக்குப் பழக்கமான ரி-யைத் தேடிக்கொண்டு போனது. ‘பாடாமல் வாசியுங்கள்’ என்று நான் சொல்லவில்லை. சங்கராபரணத்தில் பாடிக்கொண்டே வாசிக்கச் சொன்னேன், இரண்டே நாளில் சரியாகிவிட்டது.

ஸ்கேல் ஒன்றுதான் என்றால் அதற்கு நெக்கில் ஏன் இத்தனை விரல் வடிவங்கள்?

குழப்பம் அனைத்தும் பிறக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஓர் இடம் மட்டுமே உண்டு. கிட்டாரிலோ அதே ஸ்வரம் பல தந்திகளில் கிடைக்கிறது. 4-ஆம் தந்தியில் 5-ஆம் பிரெட்டில் கேட்கும் ஜி-யும், 5-ஆம் தந்தியில் 10-ஆம் பிரெட்டில் கேட்கும் ஜி-யும், 3-ஆம் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் கேட்கும் ஜி-யும் ஒன்றே. ஒரே ஸ்கேலை நெக்கின் பல இடங்களில் வாசிக்க முடிவது இதனால்தான்.

இதுமட்டும் காரணமாக இருந்திருந்தால் வடிவங்கள் இவ்வளவு தொல்லை தந்திருக்கமாட்டா. உண்மையான இடறல் 3-ஆம் தந்திக்கும் 2-ஆம் தந்திக்கும் நடுவே இருக்கிறது. மற்ற எல்லா அடுத்தடுத்த தந்திகளும் 5 பிரெட் வித்தியாசத்தில், அதாவது ஸ-வுக்கும் சுத்த மத்தியமத்துக்கும் உள்ள தூரத்தில் கூட்டப்பட்டிருக்க, இந்த இரண்டுக்கும் நடுவே மட்டும் 4 பிரெட், அதாவது ஸ-வுக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள தூரமே இருக்கிறது. அதனால் தடித்த தந்திகளில் கை பழகிய எந்த வடிவமும் 2-ஆம் தந்தியைத் தொடும்போது ஒரு பிரெட் மேலே தள்ளிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏன் இப்படிக் கூட்டினார்கள் என்பதற்குக் கணக்கே விடை சொல்லும். 5, 5, 5, 4, 5 ஆகியவற்றைக் கூட்டினால் 24 வரும், அது சரியாக இரண்டு ஸ்தாயி (ஒரு ஸ-விலிருந்து மேல் ஸ வரை ஒரு ஸ்தாயி). எனவே முதல் தந்தியும் ஆறாம் தந்தியும் ஒரே ஸ்வரத்தில் நிற்கின்றன, ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு தந்திகளையும் அழுத்தும் பார் கார்டுகள் எளிதாகின்றன. எல்லா இடைவெளிகளும் 5 ஆகவே இருந்தால் மொத்தம் 25 ஆகி, மெல்லிய தந்தி எஃப்-இல் போய் நிற்கும், பழக்கமான கார்டு வடிவங்கள் கலைந்துவிடும். அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஸ்டான்லி ஜோர்டன் அப்படித்தான் கூட்டி வாசிக்கிறார். கார்டு பிடித்துப் பாட விரும்பும் நமக்கு அது ஒத்துவராது.

இந்த ஒரு பிரெட் வித்தியாசம் எனக்கு மூன்று மாதத்தை வீணாக்கியது. நான் கற்ற காலத்தில் கையில் கிடைத்தது, நகலை நகலெடுத்து மங்கிப்போன ஒரு ஸ்கேல் படத் தாள். அதில் ஜி மேஜருக்கு 2-ஆம் தந்தியில் 3, 5 ஆகிய பிரெட்களில் இருக்க வேண்டிய புள்ளிகளை, வரைந்தவர் மற்ற தந்திகளைப் போலவே எண்ணிக்கொண்டு 2, 4 எனப் போட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அந்தத் தந்திக்கு வந்ததும் வாசிப்பு புளித்தது. தாளைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை, கிட்டாரின் டியூனிங்கைத்தான் திருகிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளில் ஸ்வரப் பெயர்களை எழுதியிருந்தால் பிழை முதல் நாளே பிடிபட்டிருக்கும். அன்றிலிருந்து, பெயரெழுதாமல் வெறும் புள்ளி மட்டும் போட்ட படத்தை நான் மாணவர்களுக்குக் கொடுப்பதில்லை.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

ஒரே தந்தியிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான பாடங்கள் ஆறு தந்திகளுக்கும் குறுக்கே போகும் வடிவத்தில்தான் தொடங்குகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. வீணை வாசிப்பவர் ஸ்வரங்களை ஒரு தந்தியின் நீளத்தில் கை நகர்த்தித்தான் முதலில் பழகுகிறார், கிட்டாருக்கும் அதுவே நல்ல வழி.

3-ஆம் தந்தியை அழுத்தாமல் மீட்டுங்கள், அது ஸ. பிறகு 2-ஆம் பிரெட் ரி, 4 க, 5 ம, 7 ப, 9 த, 11 நி, 12 மேல் ஸ. வாயால் ஸ்வரத்தைச் சொல்லிக்கொண்டே ஒரே விரலால் வாசித்தாலும் போதும். க-வுக்கும் ம-வுக்கும் இடையில் அடுத்தடுத்த பிரெட், நி-க்கும் ஸ-வுக்கும் இடையில் அடுத்தடுத்த பிரெட், மற்றவை எல்லாம் ஒரு பிரெட்டைத் தாண்டிப் போகின்றன என்பதைக் கண் பார்க்கும்போதே காதும் கேட்கிறது. இதே எண்களை எந்தத் தந்தியில் வாசித்தாலும் அந்தத் தந்தியின் ஸ்வரத்தை ஸ-வாகக் கொண்ட மேஜர் ஸ்கேல் கிடைக்கும். ஒரு வாரம் இதைச் செய்தவர்களுக்கு அடுத்து வரும் எந்த வடிவமும் புதிராகத் தோன்றுவதில்லை.

முதலில் கற்க வேண்டிய குறுக்கு வடிவம் எது?

ஜி மேஜரில், 6-ஆம் தந்தியின் 3-ஆம் பிரெட்டை ஸ-வாகக் கொண்ட வடிவம். ஆள்காட்டி விரல் 2-ஆம் பிரெட்டுக்கும், நடுவிரல் 3-க்கும், மோதிர விரல் 4-க்கும், சுண்டு விரல் 5-க்கும் பொறுப்பு. கை அந்த இடத்தை விட்டு நகர வேண்டியதில்லை.

6-ஆம் தந்தி: 3 ஸ, 5 ரி
5-ஆம் தந்தி: 2 க, 3 ம, 5 ப
4-ஆம் தந்தி: 2 த, 4 நி, 5 ஸ
3-ஆம் தந்தி: 2 ரி, 4 க, 5 ம
2-ஆம் தந்தி: 3 ப, 5 த
1-ஆம் தந்தி: 2 நி, 3 ஸ, 5 ரி

நடுவிரல் ஸ-வில் தொடங்கி, சுண்டு விரல் நடு ஸ-வை அழுத்தி, மீண்டும் நடுவிரலே மேல் ஸ-வை அழுத்துவதைக் கவனியுங்கள். இந்த மூன்று இடங்களும் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிய வேண்டும். மற்றவை அவற்றைச் சுற்றி இருப்பவை. மேலே ஏறி மேல் ஸ-வில் முடிப்பதோடு நிறுத்தாமல், ரி வரை போய்த் திரும்பி இறங்கி, 6-ஆம் தந்தியின் 2-ஆம் பிரெட்டிலுள்ள கீழ் நி-யையும் தொட்டுவிட்டு ஸ-வில் நில்லுங்கள்.

ஐந்து வடிவங்கள் கற்பதா, தந்திக்கு மூன்று ஸ்வரம் வரும் ஏழு வடிவங்கள் கற்பதா?

இரண்டு முறைகளும் பழக்கத்தில் உள்ளன. முதலாவது, சி, ஏ, ஜி, இ, டி ஆகிய ஐந்து திறந்த கார்டுகளின் (அழுத்தாத தந்திகளும் சேர்ந்து ஒலிப்பவை) வடிவங்களை நெக்கில் நகர்த்தி, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு ஸ்கேல் வடிவம் அமைப்பது. ஜி மேஜரை எடுத்துக்கொண்டால், மேலே சொன்னது இ வடிவம், அது 2 முதல் 5 வரையான பிரெட்களில் இருக்கிறது. அதற்கு மேல் 4-ஐ ஒட்டி டி வடிவம், 7-ஐ ஒட்டி சி வடிவம், 9-ஐ ஒட்டி ஏ வடிவம், 12-ஐ ஒட்டி ஜி வடிவம், அதன் பிறகு மறுபடியும் இ வடிவம் எனத் தொடர்கிறது. கார்டு எங்கே இருக்கிறது என்பது எப்போதும் கண்முன் இருப்பதால், பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கும் கோயர்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் வாசிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

இரண்டாவது, ஒவ்வொரு தந்தியிலும் மூன்று ஸ்வரங்கள் வரும்படி அமைப்பது. ஜி-யில் அது 6-ஆம் தந்தியிலும் 5-ஆம் தந்தியிலும் 3, 5, 7 எனவும், 4-ஆம் தந்தியிலும் 3-ஆம் தந்தியிலும் 4, 5, 7 எனவும், 2-ஆம் தந்தியிலும் 1-ஆம் தந்தியிலும் 5, 7, 8 எனவும் வரும். இரண்டிரண்டு தந்திகளாக ஒரே விரலமைப்பு வருவதாலும், பிக் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) ஒவ்வொரு தந்தியிலும் ஒரே எண்ணிக்கையில் அடிப்பதாலும் வேகமான வாசிப்புக்கு இது ஏற்றது. ராக் வாசிப்பவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் உண்டு.

ஆனால் 3, 5, 7 என்ற நீட்சி தொடக்க நிலையில் கையை வருத்தும். தந்தியின் அதிர்வு நீளம் 650 மி.மீ. உள்ள கிட்டாரில் 3-ஆம் பிரெட் கம்பிக்கும் 7-ஆம் பிரெட் கம்பிக்கும் இடையே ஏறக்குறைய 11 செ.மீ. இருக்கிறது. 7-க்கும் 11-க்கும் இடையிலோ சுமார் 9 செ.மீ. மட்டுமே. ஆகவே இந்த வடிவத்தை 7-ஆம் பிரெட்டில் பழகிவிட்டு, மணிக்கட்டில் இழுப்பு இல்லாமல் வரும்போது ஒவ்வொரு பிரெட்டாகக் கீழே இறக்குங்கள்.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றை ஆறு மாதமாவது விடாமல் பழகுங்கள். வாரம் ஒரு முறையாக மாற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு இரண்டுமே வருவதில்லை.

ஒவ்வொரு வடிவமும் தனித்தனியாக வருகிறது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியவில்லை. என்ன செய்வது?

இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு, எல்லாப் பயிற்சிகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான். சங்கராபரணத்தில் ‘ஸ ரி க ம’ என்ற பூர்வாங்கமும் ‘ப த நி ஸ’ என்ற உத்தராங்கமும் ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டிலும் இடைவெளி 2, 2, 1 தான். பூர்வாங்கத்தை ஒரு தந்தியிலும் உத்தராங்கத்தை அடுத்த தந்தியிலும் வைத்தால் இரண்டு தந்திகளில் ஒரு ஸ்தாயி முடிகிறது, ஆறு தந்திகளில் மூன்று ஸ்தாயி முடிகிறது.

6-ஆம் தந்தியில் 3, 5, 7, 8 வாசியுங்கள், அது ஸ ரி க ம. 5-ஆம் தந்தியில் 5, 7, 9, 10 வாசியுங்கள், அது ப த நி ஸ. இப்போது நிற்கும் ஸ-வே 4-ஆம் தந்தியில் 5-ஆம் பிரெட்டிலும் இருக்கிறது. அங்கிருந்து மீண்டும் 5, 7, 9, 10, பிறகு 3-ஆம் தந்தியில் 7, 9, 11, 12. அந்த ஸ-வை 2-ஆம் தந்தியின் 8-ஆம் பிரெட்டில் பிடித்து 8, 10, 12, 13 வாசித்து, கடைசியாக 1-ஆம் தந்தியில் 10, 12, 14, 15 என முடியுங்கள். அக்கூஸ்டிக் கிட்டாரில் கடைசிப் பிரெட்கள் உடம்போடு ஒட்டியிருப்பதால் எட்டாமல் போகலாம், 12-இலேயே திரும்பிவிடுங்கள்.

பூர்வாங்கத்திலிருந்து உத்தராங்கத்துக்குப் போகையில் ஒவ்வொரு முறையும் கை 2 பிரெட் மேலே ஏறுகிறது. முதல் ஸ்தாயியின் தொடக்கத்துக்கும் இரண்டாவதன் தொடக்கத்துக்கும் நடுவே 2 பிரெட் வித்தியாசம், ஆனால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே 3. முன்பு சொன்ன இடறல் இங்கேயும் தலைகாட்டுகிறது. ஒரே இடத்தில் கட்டிப்போட்ட கை இந்தப் பயிற்சியில் நெக்கின் குறுக்கே சாய்வாக ஏறிக்கொண்டே போய், வழியில் ஐந்து வடிவங்களையும் ஊடறுக்கிறது. அப்போது பாதி வழியில் நிறுத்தி, ‘இங்கே எந்த வடிவத்துக்குள் இருக்கிறோம்?’ என்று கேட்டு, அங்கேயே அந்த வடிவத்தை வாசித்துவிட்டுத் தொடருங்கள்.

பாடகர் ‘ஐந்தரைக் கட்டை’ என்கிறார். அது எந்தப் பிரெட்?

சென்னை மேடைகளில் ஸ்கேல் என்ற சொல்லுக்கே இரண்டு பொருள் உண்டு. ‘உங்க ஸ்கேல் என்ன?’ என்று பாடகரிடம் கேட்டால் அவர் மேஜரா மைனரா என்று சொல்லமாட்டார், தம்முடைய சுருதியைத்தான் சொல்வார். கட்டைக் கணக்கு ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி வந்தது. 1 என்றால் சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. இ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது.

கிட்டாரின் 6-ஆம் தந்தி இ என்பதால் திறந்த தந்தியே 3 கட்டை. அதிலிருந்து 1-ஆம் பிரெட் 4 கட்டை, 2 நாலரை, 3 ஐந்து, 4 ஐந்தரை, 5 ஆறு, 6 ஆறரை, 7 ஏழு, 8 ஒரு கட்டை, 9 ஒன்றரை, 10 இரண்டு, 11 இரண்டரை. ஏழாம் பிரெட்டில் ஏழு கட்டை வருவது தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க உதவும். ஆகவே ஐந்தரை என்றவுடன் ஜி மேஜர் வடிவம் முழுவதையும் ஒரு பிரெட் மேலே நகர்த்தி 4-இல் தொடங்குங்கள். திறந்த தந்திகளின் ஒலி வேண்டுமானால் முதல் பிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டுக்கொண்டு ஜி-யாகவே வாசிக்கலாம். கச்சேரி நடுவே ‘அரைக் கட்டை இறக்குங்க’ என்று பாடகர் காதோரம் சொல்லும்போது கேப்போவைத் தேட நேரம் இருக்காது. நகரும் வடிவங்களைக் கற்றவர் அங்கே பிழைத்துக்கொள்கிறார்.

மோட்கள் என்கிறார்களே, அவற்றுக்கு வேறு வடிவங்கள் கற்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நம் சங்கீதத்தில் கிரக பேதம் என்று சொல்வதுதான் அது. ஸ்வரங்களை மாற்றாமல் ஸ-வை மட்டும் இடம் மாற்றுவது. பழந்தமிழ் இசையிலும் இந்த எண்ணம் பண்ணுப்பெயர்ப்பு என்று பெயர் பெற்றிருந்தது. அரிகாம்போதியாக ஆய்வாளர் பலர் கொள்ளும் செம்பாலையில் உழை என்ற நான்காம் ஸ்வரத்தைக் குரலாக்கினால் (ஸ-வாக்கினால்) அரும்பாலை பிறக்கும், அதுவே இன்றைய சங்கராபரணம் என்பர்.

கிட்டாரில் இதை உணர ஜி மேஜர் மிகவும் வசதியானது, ஏனென்றால் ஆறு திறந்த தந்திகளும் ஜி மேஜரின் ஸ்வரங்களே. 5-ஆம் தந்தியான ஏ-யைத் தம்பூரா போல அவ்வப்போது மீட்டிக்கொண்டு, மெல்லிய மூன்று தந்திகளில் ஜி மேஜர் ஸ்வரங்களையே ஏ-யில் தொடங்கி ஏ-யில் நிறுத்தி வாசியுங்கள். அது கரகரப்பிரியா, 22-ஆம் மேளம், மேற்கத்தியப் பெயர் டோரியன். 4-ஆம் தந்தியான டி-யை மீட்டினால் 28-ஆம் மேளமான அரிகாம்போதி, மிக்ஸோலிடியன். இ-யை மீட்டினால் 20-ஆம் மேளமான நடபைரவி, ஏயோலியன். 2-ஆம் தந்தியான பி-யை மீட்டினால் 8-ஆம் மேளமான ஹனுமத்தோடி, பிரிஜியன். சி-யை ஸ-வாக்கினால் 65-ஆம் மேளமான மேசகல்யாணி, லிடியன். அதற்கு மட்டும் திறந்த தந்தி இல்லை, தம்பூரா செயலியை ஒரு கட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சுவது எஃப் ஷார்ப். அங்கே பஞ்சமம் இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு பிரெட் கீழேதான் ஸ்வரம் கிடைப்பதால் அது எந்த மேளகர்த்தாவிலும் அடங்காது. லோக்ரியன் என்று மேற்கில் பெயர் உண்டு, பயன்பாடு குறைவு.

விரல்கள் ஒரே இடங்களில் இருக்க, கீழே ஒலிக்கும் சுருதி மட்டும் மாறியதால் சங்கராபரணம் கரகரப்பிரியாவாக மாறுவதை ஒருமுறை காதால் கேட்டவருக்கு மோட்களைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியிருக்காது. சுருதி இல்லாமல் வெறுமனே ஏ-யில் தொடங்கினால், காது ஜி-யையே ஸ-வாக எண்ணிக்கொண்டிருக்கும்.

மைனர் ஸ்கேலுக்கு?

மேஜரின் ஸ-விலிருந்து 3 பிரெட் கீழே இருக்கும் த-வை ஸ-வாக்குங்கள். ஜி மேஜருக்கு இ மைனர். வடிவம் அதுவேதான்.

எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் பழக வேண்டும்?

நாளுக்கு 20 நிமிடம், ஆனால் நாள்தோறும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, முதல் காலத்தில் அடிக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. பாட்டு வகுப்பில் செய்தது போலத்தான். மூன்றாம் காலத்தில் இரு ஸ்வரங்கள் ஒட்டிக்கொண்டு கேட்டால் மெட்ரோனோமை 50-க்கு இறக்குங்கள்.

ஏறி இறங்குவதை மட்டுமே செய்துகொண்டிருந்தால் விரல் பழகும், மனம் தூங்கிவிடும். ஜண்டை வரிசைகளைச் சங்கராபரண ஸ்வரங்களில் கிட்டாரில் வாசியுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரட்டிப்பதால் பிக் மேலும் கீழும் சீராக அடிக்கப் பழகிவிடும். அதன் பின் தாட்டு வரிசைகள். ஸ்வரங்களைத் தாண்டித் தாண்டிப் போவதால் விரல் மனப்பாடம் உதவாது, அடுத்த ஸ்வரம் எங்கே என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கும். நல்ல பயிற்சிப் புத்தகத்துக்காக எங்கெங்கோ அலைபவர்களின் வீட்டு அலமாரியிலேயே அது பழைய பாட்டு நோட்டாக இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்புதான்.

டேப் போதுமா, ஸ்டாஃப் நோட்டேஷன் கற்க வேண்டுமா?

வடிவங்களைக் கற்க, தந்தியையும் பிரெட் எண்ணையும் மட்டும் குறிக்கும் டேப் போதும். டிரினிட்டி கிளாசிக்கல் கிட்டார் தேர்வு எழுத எண்ணியிருந்தால் ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷனைத் தள்ளிப்போட முடியாது.

ஸ்கேலில் கமகம் வாசிக்க முடியுமா?

முடியும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒன்றிரண்டு பிரெட் உயரத்தை எட்டுவதும், ஒரே தந்தியில் விரலைச் சறுக்குவதும் வழிகள். கர்நாடக இசைக் கலைஞர் பிரசன்னா கிட்டாரில் முழுக் கச்சேரியே வாசித்துக் காட்டியிருக்கிறார். ஆனால் அதற்கு ஒரே தந்தியில் நீளவாட்டில் போகும் அறிவுதான் அடிப்படை, கை ஒரே இடத்தில் நிற்கும் குறுக்கு வடிவங்கள் அங்கே துணை வாரா. நான் ஒரு தந்தியிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

விரல் நுனி வலிக்கிறது, தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. இயல்புதானா?

வலி முதல் சில வாரங்களுக்கு இயல்பு. நுனி காய்த்துவிட்டால் அடங்கிவிடும், மணிக்கட்டிலோ முன்கையிலோ வலித்தால் மட்டும் நிறுத்திவிட்டுக் கையை வைக்கும் முறையைப் பாருங்கள். சென்னையின் ஈரக் காற்றிலும் வியர்வையிலும் எஃகுத் தந்திகள் துருப்பிடிப்பதும் வழக்கமே, பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இன்னும் விரைவாக. வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் தந்தியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்து உறையில் வையுங்கள். துருப்பிடித்த தந்தியில் ஸ்கேல் சறுக்காது, சுருதியும் நிற்காது.

ஒரு ஸ்கேலைக் கற்றுவிட்டேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என் வகுப்பில் ஒரு சிறு சோதனை வைக்கிறேன். மாணவரின் கண்ணை மூடச் சொல்லி, அவருடைய ஆள்காட்டி விரலை நானே ஏதாவது ஒரு தந்தியில் ஏதாவது ஒரு பிரெட்டில் கொண்டுபோய் வைத்து, ‘இதுதான் க’ என்கிறேன். அங்கிருந்து அவர் ஸ-வைத் தேடிப்பிடித்து, ஏறி இறங்கி, மறுபடியும் அதே க-வில் வந்து நிற்க வேண்டும். பிறகு விரலை நகர்த்தாமல், ‘இப்போது இது த’ என்கிறேன். முதல் தடவை அநேகமாக எல்லோரும் திணறுகிறார்கள். 2-ஆம் தந்தியில் வைத்தால் இன்னும் அதிகமாகத் திணறுகிறார்கள், வேண்டுமென்றே அங்கேதான் வைப்பேன். வீட்டில் தனியாகச் செய்வதானால், ஸ்வரங்களை ஏழு சீட்டுகளில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுத்து, விரலைப் பார்க்காமல் எங்காவது வைத்துத் தொடங்குங்கள்.